கரண்ட் மொத்தமும் போனால் அணு உலையை எது குளிர்விக்கும்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து எங்கள் மாவட்டத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், கூடங்குளத்துக்கும் கரண்ட் போய்விட்டால்?" என்றான். "அதை நிறுத்திவிடுவார்கள்" என்றேன். "நிறுத்திய பிறகும் ஜப்பானில் ஏன் உருகியது?" என்று கேட்டான். இன்னொருவன், "டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் போதாதா? பக்கத்திலேயே கடல் இருக்கிறதே" என்றான். மூன்றாவது ஒருத்தி, "அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?" என்றாள். மூன்றுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. கரண்ட் தயாரிக்கும் இடத்துக்கே கரண்ட் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. விளக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவர்கள் மூவரும் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். டேங்கர் லாரி கேள்வி மிக நல்ல கேள்வி. அதைக் கடைசியில் கணக்கோடு பார்ப்போம். முதலில் "நிறுத்திய பிறகும் ஏன் உருகியது" என்பது.

அணு உலையை நிறுத்துவது எளிது. கூடங்குளத்தில் இருப்பது ரஷ்ய வடிவமைப்பிலான அழுத்த நீர் உலை. அதன் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலைக்கு மேலே மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும், தண்டுகள் தம் எடையாலேயே சில வினாடிகளில் உள்ளே விழும், யுரேனியம் அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளந்துகொண்டே போகும் தொடர்வினை நின்றுபோகும். ஆகவே கரண்ட் போவதால் உலை நிற்காமல் ஓடும் என்ற பயம் வேண்டாம். கரண்ட் போவதே அதை நிறுத்திவிடுகிறது.

ஆனால் நின்ற உலை ஆறிய உலை ஆகிவிடாது. யுரேனியம் பிளந்து உண்டான துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கின்றன. அவை கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே வெப்பம் தருகின்றன. இதைத்தான் சிதைவு வெப்பம் என்கிறோம். உலையில் வேலை செய்பவர்கள் 'டிக்கே ஹீட்' என்பார்கள். நீறு பூத்த நெருப்பு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தணலில் தண்ணீர் தெளித்தால் அணைந்துவிடும், இந்த வெப்பத்தை யாராலும் அணைக்க முடியாது. அது தானாகக் குறையும்வரை எடுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு வெப்பம்? கூடங்குளத்தின் ஓர் அலகு 1000 மெகாவாட் மின்சாரம் தர, உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. தண்டுகள் விழுந்த கணத்தில் இதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவு, சிதைவு வெப்பமாக மிஞ்சும். அரை மணி நேரத்துக்குள் அது 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து சுமார் 40 மெகாவாட். ஒரு நாள் கழித்து 15 மெகாவாட்டை ஒட்டி. ஒரு வாரத்தில் 8 அல்லது 9 மெகாவாட். முதலில் மளமளவென்று இறங்கி, பிறகு இறங்கவே மாட்டேன் என்று இழுக்கும் வளைகோடு அது. வகுப்பில் பலகையில் வரைந்து காட்டுங்கள். இந்தப் பாடத்தில் பாதி அந்தக் கோட்டில் இருக்கிறது. முதல் நாளைக் கடத்துவதுதான் கடினம். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் நம் பக்கம்.

இனி, கரண்ட் தயாரிக்கும் இடத்துக்கே கரண்ட் எதற்கு என்ற கேள்வி. உலைத் தண்ணீரைச் சுற்றவைக்கும் பெரிய பம்புகள், நீராவிக் கலன்களுக்கு (உலைத் தண்ணீரின் சூட்டை வாங்கி, குழாய்களுக்கு வெளியே இருக்கும் வேறு தண்ணீரை நீராவியாக்கும் கலன்கள்) தண்ணீர் தள்ளும் பம்புகள், கடல்நீர் பம்புகள், வால்வுகளைத் திருப்பும் மோட்டார்கள், கட்டுப்பாட்டு அறையின் மீட்டர்கள் எல்லாம் கரண்டில்தான் ஓடுகின்றன. உலை ஓடும்போது தன் கரண்டிலேயே இவற்றை ஓட்டிக்கொள்ளும். நின்றபின் பெரிய டர்பைனைச் சுழற்றும் அளவுக்கு நீராவி இருக்காது. அப்போது வெளியிலிருந்து, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோகும் மின்கம்பி வலையான கிரிட்டிலிருந்து, வாங்கியாக வேண்டும்.

கூடங்குளத்திலிருந்து வேறு வகையான, இந்தியாவின் கனநீர் உலைகளில் இதை நான்கு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிளாஸ் ஃபோர் என்பது கிரிட் வழியாக வருவது. அது போனால் கிளாஸ் த்ரீ, டீசல் ஜெனரேட்டர்கள். சில வினாடிகளில் கிளம்பி, பம்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளும். கிளாஸ் டூ என்பது வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி, பேட்டரியிலிருந்து மாற்றித் தரும் தடைபடாத கரண்ட். கிளாஸ் ஒன் நேரடி பேட்டரி. கிரிட்டும் டீசலும் சேர்ந்து போவதைத்தான் 'ஸ்டேஷன் பிளாக்அவுட்' என்கிறார்கள். பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான் வரும். பெரிய பம்புகளைச் சுற்றும் பலமும் அதற்கு இல்லை. மீட்டர்களுக்கும் முக்கியமான வால்வுகளுக்கும் மட்டும்தான். வேண்டாத சுமைகளை உடனே கழற்றிவிட்டால் கூடுதல் நேரம் தாங்கும். அதனால் பிளாக்அவுட் வந்ததும் செய்யச் சொல்லிப் பழக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று.

பெரிய சுற்றுப் பம்புகளை ஓட்டும் பொறுப்பை டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கொடுப்பதே இல்லை. ஒவ்வொரு பம்பும் பல மெகாவாட் விழுங்கும். கரண்ட் போனதும் அவை தம் சுழல்சக்கரத்தின் வேகத்தில் சிறிது நேரம் ஓடி மெல்ல நிற்கும். முதல் நேரத்துச் சூட்டை அந்த ஓட்டம் எடுத்துவிடும். பிறகு?

பிறகு தண்ணீர் தானாக ஓடும். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்று எட்டாம் வகுப்பில் நீங்கள் நடத்தும் வெப்பச்சலனம்தான். உலை கீழே, நீராவிக் கலன் அதற்கு மேலே என்று உயரம் வைத்துக் கட்டுவது இதற்காகவும்தான். உலையில் சூடான தண்ணீர் மேலேறி நீராவிக் கலனின் குழாய்களில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கனத்துக் கீழே திரும்பும். பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனை. குழாய்கள் முழுக்கத் தண்ணீராக இருக்க வேண்டும். நடுவில் வாயுவோ நீராவியோ தேங்கினால், காற்றடைத்த மோட்டார் பைப் போல ஓட்டம் அறுந்துவிடும். அடுத்தது, நீராவிக் கலனின் மறுபக்கத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அது கொதித்து ஆவியாகி வெளியே போகப்போகக் கலன் வற்றும். இந்த வகை உலையில் வேறு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும்.

இது நடக்குமா என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் நரோரா முதல் அலகு. டர்பைனின் குறைந்த அழுத்தப் பகுதியில் கடைசி வரிசை இலைகள் இரண்டு உடைந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. பணியில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்தி, நீராவிக் கலன்களின் நீராவியை வெளியே திறந்துவிட்டு வேகமாகக் குளிர்விக்கத் தொடங்கினார்கள். தீ கேபிள் வழியாகப் பரவிச் சில நிமிடங்களில் எல்லா வகுப்புக் கரண்டையும் அறுத்தது. டீசல் ஜெனரேட்டர்களில் கோளாறு இல்லை. பிரதானக் கேபிளும் மாற்றுக் கேபிளும் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே வழியில் போனதால் இரண்டும் சேர்ந்து எரிந்தன. கட்டுப்பாட்டு அறையில் புகை. அங்கே இருக்க முடியாமல் வெளியேறினார்கள்.

17 மணி நேரம் கரண்ட் இல்லை. அப்போது உலையைக் காத்தவை இரண்டு. ஒன்று, நான் மேலே சொன்ன தானோட்டம். மற்றது, தீயணைப்புக்கென்று வைத்திருந்த டீசல் எஞ்சின் பம்பு. அதற்கு மின்சாரம் வேண்டாம். லாரி எஞ்சின் மாதிரி தானே ஓடும். அந்தத் தண்ணீரை நீராவிக் கலன்களுக்குத் திருப்பிவிட்டார்கள். முதலிலேயே நீராவியைத் திறந்துவிட்டிருந்ததால்தான் அது உள்ளே போயிற்று. தீயணைப்புப் பம்பின் அழுத்தம் குறைவு. கலனுக்குள் அழுத்தம் இறங்கியிருக்காவிட்டால் ஒரு சொட்டும் ஏறியிருக்காது. இன்னொரு கவலையும் இருந்தது: உலை குளிரக் குளிர, தொடர்வினை மறுபடி தலைதூக்கிவிடக் கூடாது. அதற்காகச் சிலர் கை டார்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேலே ஏறிப்போய், கையால் வால்வைத் திறந்து, தொடர்வினையைத் தடுக்கும் போரான் கரைசலை இறக்கினார்கள். எரிபொருள் சேதமாகவில்லை. ஏழு படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் இது மூன்றாம் படியாகப் பதிவாகியிருக்கிறது. இந்தச் சம்பவம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இருட்டில் வழி தெரிந்து, எந்த வால்வு எங்கே என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்களின் வேலை அது.

இனிக் கூடங்குளம். அங்கே நீராவிக் கலன் வற்றும் பிரச்சினைக்கு வடிவமைப்பிலேயே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். பெயர், செயலற்ற வெப்ப நீக்க அமைப்பு. 'செயலற்ற' என்பது மோட்டார், ஆள், கட்டளை எதையும் நம்பாதது என்ற பொருளில். ஒவ்வோர் அலகிலும் நான்கு நீராவிக் கலன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் மேலேறி, கான்கிரீட் கூட்டுக்கு வெளியே உயரத்தில் இருக்கும் வெப்பமாற்றிக்குப் போகிறது. காரின் ரேடியேட்டர் மாதிரிதான், அளவு மட்டும் பெரிது. நீராவி அதற்குள் போய், வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து தண்ணீராகி, இன்னொரு குழாய் வழியே தன் எடையில் கலனுக்கே திரும்பி இறங்கும். சூடேறிய காற்று புகைபோக்கியில் மேலேற, அடியிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். தண்ணீர் வெளியே போவதில்லை. அதனால் புதிதாக ஊற்ற வேண்டியதும் இல்லை.

சாதாரண நாளில் இது ஓடினால் வெப்பம் வீணாகுமே? அதற்காகக் காற்று வரும் வழியில் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. அவற்றை மின்காந்தம் மூடிப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும் காந்தம் விடும், கதவு திறக்கும். இந்த ஒரு நுணுக்கத்தை மாணவர்களிடம் நின்று நிதானமாகச் சொல்லுங்கள். 'கரண்ட் இருந்தால் திறக்கும்' என்பதற்கும் 'கரண்ட் இருந்தால் மூடியிருக்கும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஓர் உலையின் விதியே அடங்கியிருக்கிறது. உங்கள் மாணவன் சொன்ன ஜப்பான் உலை நிலையமான ஃபுகுஷிமாவில் அதன் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

இந்த அமைப்பு முழு வெப்பத்தில் 2 சதவீதத்தை, அதாவது சுமார் 60 மெகாவாட்டை, வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்டது. முதல் அரை மணி நேரத்தில் சிதைவு வெப்பம் அதைவிட அதிகம். அந்த மிகுதியைக் கலன்களில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் கொதித்து விழுங்கிக்கொள்ளும். பிறகு கோடு 60-க்குக் கீழே இறங்கிவிடும். அதற்குமேல் ரேடியேட்டரே போதும். டீசல் தீர்ந்தாலும் பேட்டரி இறங்கினாலும் வெளிக்காற்று தீர்ந்துபோகப் போவதில்லை. கூடங்குளத்தின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

அதன் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலைத் தண்ணீர் ஓடும் முதன்மைச் சுற்றில் ஓட்டை இல்லாதவரைதான் இது முழுதாக வேலை செய்யும். பெரிய உடைப்பு ஏற்பட்டால் அதற்குத் தனி ஏற்பாடு: உலையைச் சுற்றி முதல் அடுக்கில் நான்கு தொட்டிகள், போரான் கலந்த தண்ணீரோடு, மேலே நைட்ரஜன் அழுத்தத்தில். உலையின் அழுத்தம் தொட்டியின் அழுத்தத்துக்குக் கீழே விழுந்ததும் தண்ணீர் தானாகப் பாயும். அதன்பின் இரண்டாம் அடுக்கில் எட்டுத் தொட்டிகள், மெதுவாக, நீண்ட நேரத்துக்கு. உடைப்பு மட்டும்தான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். அழுத்த நீர் உலைகளில் பெரிய பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீலுக்குக் குளிர்தண்ணீர் வேண்டும். பிளாக்அவுட்டில் அது நின்று, சூட்டில் சீல் கெட்டு, அங்கிருந்து உலைத் தண்ணீர் கசியத் தொடங்குவது எல்லா நாட்டுப் பொறியாளர்களையும் கவலைப்படவைத்த விஷயம். இழந்த தண்ணீரைத் திரும்ப ஏற்றப் பம்பு வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். இதனால்தான் 'செயலற்ற அமைப்பு இருக்கிறது, ஆகவே டீசல் முக்கியமில்லை' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உலையிலிருந்து எடுத்த பழைய எரிபொருளை வைக்கும் குளமும் இருக்கிறது. அந்த ரேடியேட்டர் குளத்தைக் குளிர்விக்காது. குளத்தில் எரிபொருளுக்கு மேல் பல மீட்டர் தண்ணீர் நிற்கும், வெப்பமும் குறைவு. அதனால் அவகாசம் அதிகம், பெரும்பாலும் நாள் கணக்கில். ஆனால் யாராவது தண்ணீர் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

கரண்ட் இருந்தும் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற சிக்கல் வரலாம். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் சுனாமி நீர் பம்பு வீட்டுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சில நாளில் திரும்ப இயக்கினார்கள். அங்கே கிரிட் கரண்ட் கைவிடவில்லை. அந்த ஒன்று இருந்ததால் மற்றவை சமாளிக்கும்படி இருந்தன.

ஃபுகுஷிமாவில் அதுவும் இல்லை. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46-க்கு நிலநடுக்கம். வெளிக் கரண்ட் வழிகள் ஆறும் போயின. உலைகள் நின்றன, டீசல்கள் கிளம்பின. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. 50 நிமிடம் கழித்து 14, 15 மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறியது. 13 டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆறாம் அலகைச் சேர்ந்த அது காற்றால் குளிர்வது, கடல்நீர் பம்பை நம்பாதது. வேறு இரண்டு ஜெனரேட்டர்கள் நனையவே இல்லை. ஆனால் அவற்றின் கரண்டைப் பிரித்தனுப்பும் சுவிட்ச் போர்டுகள் நனைந்துவிட்டன. ஜெனரேட்டரை மேடான இடத்தில் வைத்துவிட்டுப் பெட்டியை அடித்தளத்தில் வைத்தால் இதுதான் கதி. நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் அபார்ட்மென்ட்களும்கூட இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் அலகுக்கு வருவோம். அதிலும் கூடங்குளத்தைப் போல, பம்பு இல்லாமல் நீராவியைக் குளிர்வித்துத் திருப்பும் ஓர் அமைப்பு இருந்தது. உலையின் நீராவி மேலே ஒரு பெரிய தொட்டித் தண்ணீருக்குள் இருக்கும் குழாய்களில் ஓடி, குளிர்ந்து, தானே திரும்பி இறங்கும். நிலநடுக்கம் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கியது. உலை அளவுக்கு மீறி வேகமாகக் குளிர்ந்ததால், விதிப்படி, ஆபரேட்டர்கள் ஒரு வால்வை மூடுவதும் திறப்பதுமாக அதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கடல் வந்த கணத்தில் அந்த வால்வு மூடிய நிலையில் இருந்தது. அதோடு பேட்டரியும் போயிற்று. அந்த அமைப்பின் கண்காணிப்புச் சுற்றுக்குக் கரண்ட் போனால், 'எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, எல்லா வால்வையும் மூடு' என்று எடுத்துக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார்கள். உடைப்பு வந்தால் அது நல்ல வடிவமைப்பு. பிளாக்அவுட்டில் அதுவே குளிர்விப்பின் கழுத்தை நெரித்தது. மீட்டர்கள் எல்லாம் இருண்டிருந்ததால் அது ஓடுகிறதா நின்றதா என்றே மணிக்கணக்காகத் தெளிவில்லை. அன்று இரவுக்குள் எரிபொருள் உருகத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் அலகில், உலையின் சொந்த நீராவியால் ஓடும் ஒரு சிறு டர்பைன் பம்பு, கட்டுப்பாட்டுக் கரண்டே இல்லாமல் சுமார் 70 மணி நேரம் தண்ணீர் தள்ளியது. கடல் வருவதற்குச் சற்று முன் யாரோ அதை ஓடவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு அலகுக்கும் இடையில் வித்தியாசம், அந்தக் கணத்தில் எந்த வால்வு எந்த நிலையில் இருந்தது என்பது.

மூன்றாம் அலகில் வேறொரு முடிச்சு. தீயணைப்பு வண்டி தயாராக இருந்தது. உலையின் அழுத்தமோ அதைவிடப் பல மடங்கு. நரோராவில் சொன்ன அதே சிக்கல். அழுத்தத்தை இறக்கும் வால்வைத் திறக்க 120 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். ஊழியர்கள் தங்கள் கார்களிலிருந்து 12 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றிவந்து பத்தை வரிசையாக இணைத்தார்கள். நாட்டின் பெரிய மின்நிலையங்களில் ஒன்றில், ஒரு வால்வுக்காகப் பத்துக் கார் பேட்டரிகள். தண்ணீர் உள்ளே போகத் தொடங்கிய பிறகும், கணிசமான பகுதி வேறு குழாய்க் கிளைகளில் திரும்பிப் போய்விட்டது என்று பின்னால் கண்டறிந்தார்கள். தள்ளிய தண்ணீரும் சேர்ந்த தண்ணீரும் ஒன்றாக இருக்கவில்லை.

உங்கள் மாணவியின் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. அணுகுண்டு மாதிரி வெடிக்காது. மின் உலையின் எரிபொருளில் யுரேனியம் 235 சில சதவீதமே. அதை வைத்துக் குண்டு வெடிக்க வழியில்லை. ஃபுகுஷிமாவில் வெடித்தது ஹைட்ரஜன் வாயு. எரிபொருள் உறை சிர்கோனியம் கலப்பு உலோகம். தண்ணீர் வற்றி அது 1200 டிகிரியைத் தாண்டினால், சுற்றியுள்ள நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். அந்த வினையே மேலும் வெப்பம் தரும். சூடு தன்னைத்தானே விரட்டும். ஹைட்ரஜன் கட்டடத்தின் மேல்தளத்தில் சேர்ந்து, காற்றோடு கலந்து வெடித்தது: 12-ஆம் தேதி முதல் அலகில், 14-ஆம் தேதி மூன்றாம் அலகில். குண்டு இல்லை என்பதால் சிறிய விஷயம் ஆகிவிடாது. கதிரியக்கப் பொருள் வெளியே போனது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டுப் போக நேர்ந்தது. உங்கள் மாணவியின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் திருத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது டேங்கர் லாரி. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க சுமார் 2.55 மெகாஜூல் வேண்டும். உலை நின்று ஒரு நாள் கழித்து 15 மெகாவாட் என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 6 கிலோ, மணிக்கு 21 டன். 12 ஆயிரம் லிட்டர் லாரி இரண்டு வந்தால் ஒரு மணி நேரம் ஓடும். ஒரு நாள் முழுக்க 500 டன், 40 லாரிகளுக்கு மேல். முதல் மணி நேர முடிவில் என்றால் மணிக்கு 56 டன், ஐந்து லாரி. ஆக, உங்கள் மாணவன் சொன்னது நடக்கக்கூடிய வேலைதான். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இந்திய உலைகளில் செய்த மாற்றங்களில் முக்கியமானதே இதுதான்: கட்டடத்துக்கு வெளியே நின்றபடி தீயணைப்பு வண்டியின் ஹோஸை மாட்டி, நீராவிக் கலன்களுக்கும் மற்ற இடங்களுக்கும் தண்ணீர் அனுப்ப இணைப்புகள் வைத்திருக்கிறார்கள்.

லாரி வந்தால் மட்டும் போதாது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். ஹோஸின் வாய் இணைப்பின் வாயோடு பொருந்த வேண்டும். உள்ளே அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். அதை இறக்கும் வால்வைக் கரண்ட் இல்லாமல் கையால் திறக்க வழி வேண்டும். போகும் வழியில் மற்ற கிளை வால்வுகள் மூடியிருக்க வேண்டும். புயலில் மரம் சாய்ந்த சாலையில் லாரி வர முடியாமல் போகலாம். ஆகவே முதல் சில நாளுக்கான தண்ணீரும் டீசலும் வளாகத்துக்குள்ளேயே வேண்டும். மாணவர்களை உலை வளாகத்துக்கு அழைத்துப்போக வாய்ப்புக் கிடைத்தால், இவற்றையே கேள்வியாகக் கேளுங்கள். டீசல் எத்தனை நாளுக்கு? சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில்? ஹோஸ் மாட்டும் ஒத்திகையைக் கடைசியாக எப்போது இரவில் செய்தார்கள்? காற்றுக் கதவுகளைக் காந்தத்தை விடுவித்துச் சோதிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை? உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரத் திட்டப் பகுதி என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளி அதற்குள் வருகிறதா, வந்தால் பிள்ளைகள் எங்கே கூட வேண்டும் என்பதையும் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்றான் அல்லவா? கடல்நீரை ஊற்றலாம், ஊற்றினார்கள். ஒரு டன் கடல்நீரில் சுமார் 35 கிலோ உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு உள்ளேயே தங்கும். மணிக்கு 21 டன் என்ற நம் கணக்கில் 735 கிலோ. ஒரு நாளில் 17 டன்னுக்கு மேல், இரண்டு லாரி உப்பு, எரிபொருள் கம்பிகளின் இடுக்கிலும் கலனின் அடியிலும் படியும். தண்ணீர் போகும் வழி அடைபடும், உலோகம் அரிக்கும், அந்த உலை அதற்குப் பிறகு எதற்கும் ஆகாது. வேறு வழியில்லாத நேரத்தில் கடல்நீரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை; தயங்கக் கூடாது. ஃபுகுஷிமாவில் மார்ச் 25, 26 தேதிகளில் நன்னீர் கிடைத்ததும் மாற்றிவிட்டார்கள். கூடங்குளத்தில் உலைக்கு வேண்டிய நன்னீரையே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள். அந்த ஆலையும் கரண்டில்தான் ஓடுகிறது. அதனால் வளாகத்துத் தொட்டிகளில் ஏற்கெனவே எத்தனை டன் நன்னீர் நிற்கிறது என்பதை, நான் மேலே சொன்ன கேள்விகளில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.